நுரைகொல்லியை ஊற்றும் முன்

சிவகாசியில் அச்சாகும் வழவழப்பான நாட்காட்டியின் பளபளப்பும் மருந்துக்கடைப் பெட்டியின் வெண்மையும் மரக்கூழிலிருந்து வருவன அல்ல. கூழால் ஆன தாளின் மேல் பூசப்படும் ஒரு கனிமக் குழம்பிலிருந்து வருவன. கயோலின் களிமண்ணையும் மாவாக அரைத்த கால்சியம் கார்பனேட்டையும் நீரில் பரப்பி, அவை தாளோடு ஒட்டி நிற்க ஸ்டார்ச்சும் லேடெக்ஸும் சேர்த்து, ஓட்டம் சீராக இருக்கச் சிறிது செல்லுலோஸ் பசையும் கலந்தால் கிடைப்பதே ஆலைக்காரர்கள் கோட்டிங் கலர் என்று சொல்லும் பூச்சுக்கலவை. எடையில் பெரும்பாலும் 60 முதல் 70 சதவீதம் வரை திடப்பொருள், மிச்சம் நீர். இரட்டைப் பூச்சு அட்டை தயாரிக்கும் ஆலை தமிழ்நாட்டிலேயே, திருச்சி மாவட்டம் மொண்டிப்பட்டியில், 2016 முதல் இயங்குகிறது என்பதால் இது எங்கோ தொலைவில் நடக்கும் தொழில் அல்ல. இந்தக் கலவையின் தீராத தொல்லை நுரை. தொட்டியில் நுரை ஏறியதும் ஆலையில் எழும் முதல் கேள்வி, எந்த நுரைகொல்லியை எவ்வளவு ஊற்றுவது என்பது. அது இரண்டாவதாக வரவேண்டிய கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம். கலவை மாசுபட்டிருக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, உள்ளே நுழைந்தது எது, எந்த வழியாக நுழைந்தது என்பதுதான். நுரைகொல்லி குமிழியை உடைக்கும். குமிழியை நிற்க வைத்த பொருளை வெளியே எடுக்காது. அதோடு, கலவையில் தங்கிவிடும் இன்னொரு அந்நியப்பொருளாகத் தானும் மாறுகிறது.

சிறு குமிழிக்கு ஏன் இத்தனை கவலை என்பதற்கு ஒரு கணக்குப் போதும். சதுர மீட்டருக்கு 10 கிராம் உலர்ந்த பூச்சு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 65 சதவீதத் திடப்பொருள் உள்ள கலவையில் அது ஈரநிலையில் 15 கிராம் சொச்சம். கலவையின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 1.65 மடங்கு என்பதால் ஈரப் படலத்தின் தடிமன் 10 மைக்ரானைக்கூடத் தொடாது. 50 மைக்ரான் விட்டமுள்ள ஒரு குமிழி கண்ணுக்கு அரிதாகவே தென்படும்; ஆனால் அது ஒளிய வேண்டிய படலத்தைவிட ஐந்து மடங்கு பெரியது. மிகுதிக் கலவையை வழித்தெடுக்கும் பிளேடுக்கு அடியில் அது நசுங்கி வெடிக்கும் இடத்தில் பூச்சில்லாத புள்ளி ஒன்று மிஞ்சும். தாள் நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில் ஓடினால் நொடிக்கு 20 மீட்டர் கடந்துபோகிறது. பக்கத்துக் கலவை வழிந்து வந்து அந்தப் பள்ளத்தை நிரப்ப அவகாசம் இல்லை, அதற்குள் உலர்த்தி வந்துவிடும். அச்சகத்தில் அந்தப் புள்ளி மையை அதிகமாக உறிஞ்சும், அல்லது வெள்ளையாகவே நிற்கும். குறை இதோடு முடியவில்லை. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. ஆகவே காற்றேறிய கலவையைத் தள்ளும் பம்பின் ஓட்டம் துடிக்கிறது, பூச்சின் எடை தாளின் அகலத்திலும் நீளத்திலும் மாறுகிறது, கனஅளவை வைத்துச் சேர்மானங்களை அளக்கும் கருவிகள் பொய்க்கணக்குச் சொல்கின்றன.

தூய நீரைக் குலுக்கினால் குமிழிகள் வந்த வேகத்திலேயே மறையும். நுரை நிற்பதற்கு நீரல்லாத ஏதோ ஒன்று பரப்பில் குடியேற வேண்டும். இந்த உண்மைக்கு அளவுகோல் தந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஆக்னஸ் பொக்கெல்ஸ். பல்கலைக்கழகப் படி ஏறாத அவர், வீட்டில் ஒரு தகரத் தொட்டியை வைத்து, அழுக்குப் படிந்த நீர்ப்பரப்பின் இழுவிசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். அதை விளக்கி இயற்பியலாளர் லார்டு ரெய்லிக்கு எழுதிய கடிதம் 1891-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. அதற்கு முன்பே இத்தாலியரான கார்லோ மாரங்கோனி, பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் வேறுபட்டால் திரவம் குறைந்த இழுவிசையிலிருந்து கூடிய இழுவிசையை நோக்கி ஓடும் என்று ஆராய்ந்திருந்தார். இரண்டையும் சேர்த்தால் நுரையின் உயிர்நாடி புரியும். குமிழியின் சுவர் ஓரிடத்தில் நீண்டு மெலியும்போது அங்கே பரப்பில் குடியேறிய அந்தப் பொருளின், அதாவது பரப்புச் செயலியின், செறிவு குறைகிறது, இழுவிசை கூடுகிறது, சுற்றியுள்ள திரவம் அந்த இடத்துக்கு இழுக்கப்பட்டுக் காயம் ஆறுகிறது. நுரை என்பது தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் படலம். அந்தச் செப்பனிடும் வேலையைச் செய்வது மாசு.

பூச்சுக்கலவைக்கு மாசு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. செய்முறையிலேயே நுரைப்பவை பல உண்டு. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பிணைப்பான், அது கோலோச்சிய காலத்தில் நுரைக்குப் பேர்போனது. 1936-இல் சிகாகோவில் கிளிடன் நிறுவனத்தில் சேர்ந்த வேதியியலாளர் பெர்சி ஜூலியனின் வழிகாட்டலில் சோயாவிலிருந்து பிரித்தெடுத்த புரதம், கேசீனுக்கு மாற்றாகத் தாள் பூச்சுக்குப் போயிற்று. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை எண்ணெய்த் தீயை அணைக்கப் பயன்படுத்திய நுரைக்கும் அந்தச் சோயாப் புரதமே மூலப்பொருள். நிறமியைத் தாளோடு பிணைக்கும் பொருளும் தீயின் மேல் போர்வையாக நிற்கும் நுரையைத் தரும் பொருளும் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை: பரப்பில் ஒட்டி நிற்கும் குணம் இரண்டுக்கும் வேண்டும். போருக்குப் பின் பரவிய ஸ்டைரீன்-பியூட்டாடையீன் லேடெக்ஸ், அதன் துகள்களைப் பிரித்து வைத்திருக்கும் சோப்பையும் கூடவே கொண்டுவந்தது. பாலிவினைல் ஆல்கஹாலில் 88 சதவீதம் நீராற்பகுத்த வகை, 98 சதவீத வகையைவிட அதிகமாக நுரைக்கும். ஆகவே நுரையே இல்லாத கலவை என்று ஒன்றை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு செய்முறைக்கும் அது புதிதாக இருக்கும்போது உரிய ஓர் இயல்பு நுரை உண்டு. மாசு என்பது அந்த இயல்பிலிருந்து விலகியதன் பெயர். இயல்பு எது என்று அளந்து வைக்காத ஆலையில் விலகலை யாரும் காண முடியாது, அங்கேதான் நுரைகொல்லியின் அளவு யாரும் கவனிக்காமல் ஏறிக்கொண்டே போகிறது.

மாசு நுழையும் வழிகளில் பெரியது, கலவை தாளைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழி. உருளையால் பூசி பிளேடால் வழிக்கும் எந்திரங்களில், தாளில் கடைசியாகத் தங்குவதைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட கலவை முதலில் அப்பப்படுகிறது. பிளேடு வழித்தெடுக்கும் மிச்சம் குழாய் வழியாகச் சல்லடைக்கும், அங்கிருந்து வேலைத் தொட்டிக்கும் போய், மீண்டும் தாளுக்கு வருகிறது. தாளைத் தொட்ட அந்தக் கணத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்துவிடுகிறது. கலவையின் நீர் தாளின் துளைகளுக்குள் இறங்குகிறது. துளைகளில் இருந்த காற்று கலவைக்குள் ஏறுகிறது. வேகமாக ஓடும் தாள் தன்னோடு ஒட்டி இழுத்து வரும் காற்றுப் படலமும் சேர்ந்துகொள்கிறது. கூடவே தாளிலிருந்து நார்த்துகளும் நீர்விலக்கும் பசையின் துணுக்குகளும் கரையும் உப்புகளும் பரப்புச் செயலிகளும் வருகின்றன. பழைய தாளை மறுசுழற்சி செய்த கூழ் அடித்தாளில் இருந்தால் நிலைமை இன்னும் கூர்மையானது. மை நீக்கும் பிரிவில் சோப்பும் பரப்புச் செயலியும் வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றன. அங்கே மையைக் குமிழியில் ஏற்றி மேலே மிதக்கவிட்டு வழித்தெடுக்க வேண்டும், நுரையே கருவி. கழுவி முடித்த பிறகும் கூழில் தங்கிப்போன கொஞ்சம் பரப்புச் செயலி தாளோடு பயணம் செய்து, பூச்சறையில் கரைந்து, அங்கே நுரையாக எழுகிறது. பூச்சறையில் நிற்பவர் தன் கலவையைச் சந்தேகிப்பார்; காரணம் இரண்டு கட்டடம் தள்ளி இருக்கும்.

அடுத்த வழி கழுவுநீர். செய்முறை மாற்றும்போது குழாய்களையும் தொட்டிகளையும் நீர் விட்டு அலசுகிறார்கள். அலசிய நீரில் கணிசமான நிறமி இருப்பதால் அதை வடிகட்டிச் செறிவாக்கித் திரும்பப் பயன்படுத்துவது செலவுக்கும் சூழலுக்கும் நல்லது. ஆனால் காரம் விட்டுக் கொதிக்கவைத்த கழுவலின் எச்சமும் சலவைப்பொருளின் எச்சமும் அந்த வழியாகவே திரும்பி வருகின்றன. இன்னொன்று கட்டமைப்பு சார்ந்தது, அலுப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானது: திரும்பும் குழாயின் வாய் திரவமட்டத்துக்கு மேலே நின்று கலவையை அருவியாகக் கொட்டுவது, பம்பின் உறிஞ்சு பக்கத்து அடைப்பு கசிந்து காற்றை இழுப்பது, தொட்டி மட்டம் தாழ்ந்து கலக்கியின் சுழலில் காற்று உள்ளே போவது. இவை மாசு அல்ல. ஆனால் மாசு குமிழியை நிலைக்கச் செய்கிறது, இவை குமிழியைக் கொடுக்கின்றன. ஒன்றில்லாமல் மற்றது தொல்லையாவதில்லை.

காற்றே தேவைப்படாத குமிழிகளும் உண்டு, மாசுபட்ட கலவையில் மிக எளிதாகத் தவறாகப் படிக்கப்படுபவை அவைதான். கால்சியம் கார்பனேட் அமிலத்தைத் தொட்டால் கரியமில வாயு வரும் என்பது பள்ளிப்பாடம். படிகாரமும் ரோசினும் இட்டு அமிலச் சூழலில் செய்த அடித்தாளின் மேல் கார்பனேட் பூச்சை ஓட்டினால், தாளிலிருந்து கரையும் அமிலம் திரும்பும் கலவையில் அந்த வாயுவைக் கிளப்புகிறது. நுண்ணுயிர்கள் தனிக்கதை. ஸ்டார்ச்சும் புரதமும் செல்லுலோஸ் பசையும் அவற்றுக்கு விருந்து. வார இறுதியில் தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான குழாய் அவற்றுக்கு வீடு. அவை ஸ்டார்ச்சை நொதிக்கும்போது அமிலம் பிறக்கிறது, பிஎச் இறங்குகிறது, கார்பனேட் கரைகிறது. வாயுவும் வருகிறது, பாகுநிலையும் சரிகிறது, நாற்றமும் எழுகிறது. ஆலைத் தொட்டிகளில் நுண்ணுயிர் வாயுவை அலட்சியம் செய்யலாகாது என்பதற்குக் கொடிய சான்று ஒன்று உண்டு. 2008 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் டோமஹாக்கில் இருந்த அட்டைக்கூழ் ஆலையில், நார் கலந்த நீர் நின்ற ஒரு தொட்டியின் மேல் வெல்டிங் வேலை நடந்தபோது வெடிவிபத்து ஏற்பட்டு மூன்று தொழிலாளர்கள் இறந்தனர். தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய ஹைட்ரஜனே எரிந்தது என்று விசாரணை கண்டது. அது பூச்சுத் தொட்டி அல்ல. ஆனாலும் குமிழி எழுகிறது என்றால் அது எந்த வாயு என்று கேட்கும் பழக்கம் ஆலையில் இருக்க வேண்டும் என்பதை அந்த மூவரின் சாவு கோருகிறது. வாயுவை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் கலவையில் நுரைகொல்லி ஊற்றுவது, மேலே வந்த குமிழியை உடைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பது மட்டுமே.

மேலே மிதக்கும் நுரையையும் உள்ளே சிக்கிய காற்றையும் ஒன்றாகப் பேசுவது இன்னொரு குழப்பம். கண்ணை உறுத்துவது முன்னது. தாளைக் கெடுப்பது பெரும்பாலும் பின்னது. பாகுநிலை நீரைப்போல் ஆயிரம் மடங்கு உள்ள கலவையில் 1 மில்லிமீட்டர் குமிழி, ஸ்டோக்ஸ் விதிப்படி, ஒரு நொடியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும்: 100 மைக்ரான் குமிழி ஒரு மணி நேரத்தில் ஏறுவது 3 சென்டிமீட்டர் அளவே. கலவை ஓரளவு அழுத்தம் கொடுத்தால்தான் நகரும் தன்மை உடையது என்றால் அதுவும் ஏறாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில், சில நிமிடங்களில் சுற்றி வரும் கலவையில், அந்தக் குமிழிக்கு மேலே போக வாய்ப்பே இல்லை. மேற்பரப்பு வெண்ணெய்போல் அமைதியாக இருக்க, உள்ளே பத்து சதவீதம் காற்று இருக்கலாம். ஆகவே நுரைகொல்லி வேலை செய்ததா என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது போதாது. சில பொருள்கள் மேல்நுரையை நொடியில் அமுக்கிவிட்டு உள்காற்றை அப்படியே விட்டுவிடுகின்றன. சிக்கிய காற்றை விடுவிக்கச் சிறுகுமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாக வேண்டும், அது வேறு வேலை.

நுரைகொல்லி எப்படி வேலை செய்கிறது என்பது இன்று நன்றாகவே தெரிந்த விஷயம். துவரம்பருப்பு பொங்காமல் இருக்க அடுப்படியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. எண்ணெய்த்துளி முதலில் குமிழிச் சுவரின் பரப்புக்குள் நுழைய வேண்டும்; பிறகு பரவ வேண்டும், அல்லது சுவரின் இரு பக்கத்தையும் தொட்டுப் பாலமாகி அதைக் கிழிக்க வேண்டும். நுழைவையும் பரவலையும் பரப்பு இழுவிசைகளின் கூட்டல் கழித்தலாகக் காட்டும் கெழுக்கள் 1940-களின் இறுதிக்குள் வந்துவிட்டன. பாலமாதலுக்குரிய கெழுவை 1980-இல் பி.ஆர். காரெட் முன்வைத்தார். எண்ணெயில் நீர்விலக்கும் சிலிக்கா துகள்களைச் சேர்த்தால் ஆற்றல் பன்மடங்காகும்; துகளின் கூர்முனைகள் துளிக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தைத் துளைத்து நுழைவை எளிதாக்குகின்றன. பல்கேரியாவின் சோஃபியா பல்கலைக்கழகத்தில் நிகோலாய் டென்கோவ் குழுவினர், எண்ணெய்ப் பாலம் நீண்டு மெலிந்து அறுவதை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்தனர். சந்தையில் கிடைப்பவை இந்த அடிப்படையின் வகைகள்: கனிம எண்ணெயில் மெழுகு அல்லது சிலிக்கா, நீரில் பால்மமாக்கிய கொழுப்பு ஆல்கஹால், சிலிக்கோன் பால்மம், ஒரு வெப்பநிலைக்கு மேல் நீரிலிருந்து பிரியும் பாலிஈதர்கள். 100 பங்கு நிறமிக்குப் பொதுவாக 0.05 முதல் 0.2 பங்கு வரை இடுகிறார்கள்.

இந்தக் கெழுக்களிலேயே மாசின் பங்கு ஒளிந்திருக்கிறது. பரவல் கெழு என்பது கலவையின் பரப்பு இழுவிசையிலிருந்து எண்ணெயின் இழுவிசையையும் இரண்டுக்கும் இடையிலான எல்லை இழுவிசையையும் கழித்தால் கிடைப்பது. அது நேர்மமாக இருந்தால் எண்ணெய் பரவும். விளக்கத்துக்காக எண்கள் இடுவோம். புதிய கலவையின் இழுவிசை மீட்டருக்கு 45 மில்லிநியூட்டன், கனிம எண்ணெய்க்கு 30, எல்லையில் 5 என்றால் மிச்சம் 10. எண்ணெய் பரவும், நுரை அடங்கும். அதே கலவையில் தாளிலிருந்து பரப்புச் செயலி கரைந்து இழுவிசை 32-க்கு இறங்கிவிட்டது என்போம். எல்லை இழுவிசையும் 3-க்கு இறங்கட்டும். 32-இலிருந்து 33-ஐக் கழித்தால் எதிர்மம். நேற்றுவரை வேலை செய்த எண்ணெய் இன்று பரவ மறுக்கிறது. பீப்பாயில் குறையில்லை, கலவை மாறிவிட்டது. அளவை இரட்டிப்பாக்கினாலும் எதிர்மம் நேர்மமாகாது. இந்த இடத்தில் ஆலைகள் சிலிக்கோனுக்குத் தாவுகின்றன. அதன் இழுவிசை 21 அளவே என்பதால் கணக்கு மறுபடி நேர்மமாகிறது. ஆனால் அந்தத் தாழ்ந்த இழுவிசையே தாளில் தீங்கு செய்கிறது: உடையாமல் தங்கிய ஒரு சிலிக்கோன் துளி தன்னைச் சுற்றியுள்ள கலவையை விலகி ஓடச்செய்து மீன்கண் எனப்படும் வட்டப் பள்ளத்தை உண்டாக்குகிறது. நுரையால் வந்த புள்ளியும் நுரைகொல்லியால் வந்த புள்ளியும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவதால், பின்னதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றும் அபாயம் எப்போதும் இருக்கிறது. இதற்கு மேல் நுரைகொல்லி ஆற்றல் இழந்து ஓய்ந்துபோவதும் உண்டு. சுழற்சியில் பம்பும் பிளேடும் அடித்து அடித்துத் துளிகள் நுணுகிப் போகின்றன, சிலிக்காவும் எண்ணெயும் பிரிந்துவிடுகின்றன, பிறகு இரண்டுமே நுரையை உடைப்பதில்லை. மாசாக வந்த பரப்புச் செயலி அந்தத் துளிகளைப் பால்மமாக்கி இந்த ஆற்றலிழப்பை விரைவுபடுத்துகிறது. செத்த நுரைகொல்லி கலவையை விட்டுப் போவதில்லை.

நுரைகொல்லியும் ஒரு மாசு என்று சொல்வது மிகையான பேச்சு அல்ல. தாள்தொழிலின் இன்னொரு பிரிவு இதைக் கடும் விலை கொடுத்துக் கற்றது. 1980-களில், கூழைக் கழுவும் இடத்தில் ஊற்றிய கனிம எண்ணெய் நுரைகொல்லிகளில் டைபென்சோடையாக்சின், டைபென்சோஃபியூரான் ஆகிய சேர்மங்கள் இருந்ததும், கூழைக் குளோரினால் வெளுக்கும்போது அவை நச்சு டையாக்சின்களாக மாறியதும் கண்டறியப்பட்டன. நுரைகொல்லியிலிருந்த நுண்ணளவு அழுக்கு ஆற்றுமீன் வரை போயிற்று. 1992-இல் கனடா, ஆலைகளில் பயன்படும் நுரைகொல்லியில் 100 கோடியில் 10 பங்குக்கு மேல் டைபென்சோடையாக்சினும் 40 பங்குக்கு மேல் டைபென்சோஃபியூரானும் இருக்கக்கூடாது என்று விதித்தது. பூச்சறையில் குளோரின் இல்லை; அந்த வினை அங்கே நடக்காது. ஆனால் பூச்சறை நுரைகொல்லி தாளோடு உறைந்து உணவுப் பெட்டியாகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதிகளில் பூச்சுகளுக்கான நுரைகொல்லிகளுக்கு ஒரு பிரிவும் தாள் தயாரிப்பில் பயன்படும் நுரைகொல்லிகளுக்கு வேறொரு பிரிவும் தனித்தனியே இருப்பது இதனால்தான். வெட்டுத்துண்டும் கிழிசலுமாகப் போகும் பூசிய தாள் மறுபடி கூழாக்கப்படும்போது, அதிலுள்ள எண்ணெயும் மெழுகும் லேடெக்ஸும் கூழ்த்தொட்டிக்கே திரும்புகின்றன. அங்கே சேர்ந்து பிசின்போல் படிகின்றன, அடுத்த அடித்தாளில் ஏறி வருகின்றன. பூச்சறையில் தாராளமாக ஊற்றியது சுற்றிவந்து பூச்சறைக்கே மாசாகிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது நேரத்தைப் பற்றியது. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டி பொங்கி வழிகிறது, காரணம் தேட ஆய்வகத்துக்கு நேரம் வேண்டும். அதுவரை என்ன செய்வது? ஊற்றத்தான் வேண்டும். பொங்கும் தொட்டிக்கு முன்னால் நிற்கும் பணியாளரிடம் கோட்பாடு பேசுவது அநியாயம், வழுக்கும் தரை அவருக்கு ஆபத்தும்கூட. நான் கேட்பது, ஊற்றிய அளவையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்பதும், வழக்கமான அளவைத் தாண்டியதும் அது காரணம் தேடும் அறிகுறியாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதும்தான். இரண்டாவது மறுப்பு, வெற்றிடக் காற்றகற்றி இருக்கையில் இவ்வளவு எதற்கு என்பது. திரைபோல் விழும் கலவைக்கு அடியில் தாள் ஓடும் திரைப்பூச்சு முறையில் ஒரு குமிழியே திரையைக் கிழிக்கும் என்பதால் அங்கே காற்றகற்றி இன்றியமையாதது. மெல்லிய படலமாகப் பரப்பி வெற்றிடத்தில் குமிழியை ஊதிப் பெரிதாக்கி வெளியேற்றுவது அருமையான முறையும்தான். ஆனால் அது காற்றை எடுக்கிறது, பரப்புச் செயலியை எடுப்பதில்லை. அடுத்த சுற்றில் கலவை மறுபடி காற்றை ஏற்று நிறுத்திக்கொள்ளும். நொதிக்கும் கலவையில் அது வெற்றிடப் பம்புக்கு வேலை கொடுப்பதோடு நின்றுவிடும். மூன்றாவது, கிருமிநாசினி கூட்டினால் போதும் என்பது. நுண்ணுயிர் செத்தாலும் அது ஏற்கெனவே சுரந்த நொதிகள் ஸ்டார்ச்சை வெட்டிக்கொண்டே இருக்கும். தேங்கும் குழாயை நீக்காமல் கிருமிநாசினி ஊற்றுவது, நுரைகொல்லி விஷயத்தில் செய்த பிழையை வேறு பீப்பாயிலிருந்து மறுபடி செய்வது.

செலவைச் சொல்லும் மறுப்பும் உண்டு: நுரைகொல்லி மொத்தக் கலவையில் துளியளவு, அதன் விலையை மிச்சப்படுத்த இவ்வளவு ஆய்வா? இதில் பாதி சரி. நுரைகொல்லியின் விலை பெரிதல்ல. பெரிது, அது மறைத்துவைக்கும் தகவலின் விலை. நுரை அடங்கிவிட்டால் பிஎச் இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை, லேடெக்ஸ் குழைந்து கட்டியாவதை யாரும் பார்ப்பதில்லை, அடித்தாள் தன் பசையை இழப்பதை யாரும் பார்ப்பதில்லை. மூன்று வாரம் கழித்து அச்சகத்திலிருந்து திரும்பிவரும் ரீல்களில் அவை தெரியும்.

தேடலுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தெரிந்த கனஅளவுள்ள ஒரு கிண்ணமும் தராசும் போதும். செய்முறையிலிருந்து கணக்கிட்ட அடர்த்தி 1.65 என்றும் கிண்ணத்தில் அளந்தது 1.50 என்றும் இருந்தால் கலவையில் ஒன்பது சதவீதம் காற்று. இதைப் புதிய கலவையிலும், வேலைத் தொட்டியிலும், திரும்பும் குழாயிலும் அளந்தால் காற்று எந்த இடத்தில் ஏறுகிறது என்று உடனே தெரியும். மூன்றிலும் ஒரே அளவு என்றால் கலக்கும் இடத்தைப் பாருங்கள். திரும்பும் குழாயில் மட்டும் எகிறினால் தாளையும் குழாய் வாயையும் பாருங்கள். மாதிரியை ஒரு பாட்டிலில் அடைத்து எந்தக் கலக்கலும் இல்லாமல் சில மணி நேரம் வைத்தும் அடர்த்தி குறைந்தால் உள்ளே வாயு பிறக்கிறது என்று பொருள். பிஎச்சும் நுண்ணுயிர் எண்ணிக்கையும் உறுதிசெய்யும். மாதிரியைச் சுழலியில் இட்டுத் திடப்பொருளைப் படியவைத்து, மேலே தெளிந்த நீரைக் குலுக்கி நுரையின் உயரத்தைப் புதிய கலவையின் தெளிநீரோடு ஒப்பிட்டால், கரைந்த பரப்புச் செயலி வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நுரைகொல்லித் தேர்வும் இதே ஒழுங்கில் நடக்க வேண்டும். விற்பனையாளர்கள் புதிய கலவையில் செய்துகாட்டும் சோதனை ஏறத்தாழ எதையும் நிரூபிப்பதில்லை. மேலே சொன்ன இழுவிசைக் கணக்கே அதற்குக் காரணம். எந்திரத்திலிருந்து திரும்பிவந்த கலவையை எடுத்து, அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில் பம்பால் சுற்றவிட்டு, நுரை விழும் வேகத்தோடு மறுபடி எழ எடுக்கும் நேரத்தையும் அளந்து, கூடவே அடர்த்தியையும், உலர்த்திய பூச்சில் மீன்கண் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சோதனையில் கடைசி இரண்டும் விடுபடுவதே வழக்கம். எனக்கு அவையே முக்கியம்.

வரும் ஆண்டுகளில் மாசு குறையப் போவதில்லை, கூடத்தான் போகிறது. அதற்குக் காரணம் ஒரு நல்ல மாற்றம். ஒரு டன் தாளுக்கு நூறு கனமீட்டருக்கு மேல் நீர் குடித்த பழைய ஆலைகள் இருந்த தொழிலில், இன்று நல்ல ஆலைகள் பத்து கனமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கின்றன. ஆற்றிலிருந்து எடுப்பதும் ஆற்றில் விடுவதும் குறைகிறது. கரைந்தவை வெளியேற வழியில்லாமல் ஆலைக்குள்ளேயே செறிகின்றன. அதே நேரத்தில் பூச்சின் பணியும் மாறுகிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை; எண்ணெய் ஒட்டாமல் காக்கும் ஃபுளோரின் சேர்மங்கள் அமெரிக்காவில் உணவுத்தாளுக்கு இனி விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024-இல் அறிவித்தது. இவற்றுக்கு மாற்றாக வருபவை நீரில் கரைத்துப் பூசும் தடுப்புப் பூச்சுகள், அவற்றில் பல பாலிவினைல் ஆல்கஹாலும் லேடெக்ஸும் கொண்டவை, அதாவது இயல்பிலேயே நுரைப்பவை. அச்சுத்தாளில் ஒரு ஊசித்துளை அழகுக்குறை. தடுப்புப் பூச்சில் அதே துளை வழியாக எண்ணெய் கசியும். இரண்டு அடுக்காகப் பூசினால் துளைமேல் துளை அமைவது அரிது என்பதால் பலர் அந்த வழியை நாடுகிறார்கள்; ஆனால் முதல் அடுக்கில் எஞ்சிய நுரைகொல்லி அதன் மேற்பரப்பின் இழுவிசையைத் தாழ்த்தி, இரண்டாம் அடுக்கை ஒட்டவிடாமல் திரளச் செய்யும். இந்தப் பூச்சுகளில் பாதுகாப்பாக ஊற்றக்கூடிய நுரைகொல்லியின் மேல்வரம்பு அச்சுத்தாளுக்குரியதைவிடத் தாழ்ந்தது, நுரையின் தொல்லையோ அதைவிட உயர்ந்தது. இடையிலுள்ள அந்த இடைவெளியை அடித்தாளைக் கழுவுவதிலும் குழாய் வாயைத் திரவத்துக்குள் இறக்குவதிலும் தொட்டியைத் தேங்கவிடாமல் வைப்பதிலும்தான் நிரப்ப முடியும்.